சிலேட்டில் ஏறாத பேர்

மோல்மேன் படித்துறையில் நின்றால்
எதிரே தெரிகிற தீவுக்குப்
பர்மியப் பேரே பூதத்தீவுதான்.
எங்கள் பள்ளிக்கூடச் சிலேட்டெல்லாம்
அங்கேயிருந்துதான் வரும்.
யார் அறுக்கிறார்கள் என்று
ஒருத்தரும் கேட்டதில்லை.

பாலம் கட்டாத காலம்.
சனிக்கிழமைப் படகில் நாலு பேர்:
நான், தம்பி தவமணி,
மாதா கோயில் தெரு எஸ்தாக்கி,
அடுத்த வீட்டு மோன் பையன் மின் சான்.
இரண்டு உண்டிவில்,
ஒரு பொட்டலம் வறுத்த பட்டாணி.

ரப்பர்த் தோட்டம் தாண்டிக் கல்குழி.
சரிந்த வெயிலில் ஒருவன்
கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
மின் சான்தான் முதலில் பார்த்தது.
மரத்துக்கு நிழல் இருந்தது,
மண்வெட்டிக்கு இருந்தது,
அவனுக்கு இல்லை.

ஓடு என்று சொல்லுமுன் நிமிர்ந்துவிட்டான்.
கண் இரண்டும் வெற்றிலைத் துப்பல் நிறம்.
கடைவாய்ப் பல் வளைந்து கன்னத்தில் இடித்தது.
அடிக்கவில்லை. துரத்தவுமில்லை.
எங்கள் வகுப்புச் சயாமா மாதிரியே
பேர் என்ன என்று கேட்டான்.

அந்தக் குரலுக்குப் பழகின நாக்கு,
தானாகச் சொல்லிவிட்டது.
மா நியோ.
ஆங் தூ.
சோ வின்.
மின் சான்.
ஆளுக்கொரு சிலேட்டு.
கிறீச் கிறீச் என்று
வட்ட வட்டமாய் எழுத்து.
கடைசி வட்டம் மூடியதும்
எங்களைச் சுற்றியும் ஒன்று மூடிக்கொண்டது.
கம்பியில்லை, கதவில்லை.
கால் மட்டும் அந்தப் பக்கம் போகாது.

பூத் தின்கிற பூதமும் உண்டு,
ஆள் தின்கிறதும் உண்டு
என்றான் மின் சான்.
இது எந்தச் சாதி என்று
அவனுக்கும் தெரியவில்லை.
ஆற்றில் கடைசிப் படகு ஊதியது.

இருட்டினதும் எஸ்தாக்கி அழுதான்.
அழுகையில் பள்ளிக்கூடப் பேர் வராது.
“அங்காச்சி, பசிக்குது.”
அங்கயற்கண்ணி,
எந்தச் சிலேட்டிலும் முழுசாய் ஏறாத
என் வீட்டுப் பேர்.
என்னடா என்று திரும்பினேன்.
கால் வட்டத்துக்கு வெளியே இருந்தது.

தவமணீ என்றேன், வந்தான்.
எஸ்தாக்கி மூக்கைத் துடைத்தபடி வந்தான்.
மின் சான் என்றோம். அசையவில்லை.
அவனிடம் இருந்தது ஒரே பேர்.
அதைத்தான் கொடுத்துவிட்டானே.

புதுசாய் வைத்தால் போச்சு என்றான் தம்பி.
அந்தோணி என்றான் எஸ்தாக்கி.
முருகன் பேர்தான் என்று தம்பிக்கு அடம்.
பூதம் முழங்கால் ஊன்றி எழுகிறது,
இவர்கள் சண்டை ஓயவில்லை.
அவன் கன்னத்துத் தனக்காப் பூச்சு
இருட்டிலும் வெளுத்துத் தெரிந்தது.
“வெள்ளைச்சாமீ!” என்று கத்தினேன்.
“வெல்லைச்சாமி” என்றான்.
நாக்கை மடிடா. வெள்ளை.
“வெல்லை.”
பிழையோடேயே விட்டது வட்டம்.

எப்படி ஓடினோம், எவன் தோணியில் ஏறினோம்,
வீட்டில் எத்தனை அடி என்பதெல்லாம்
எஸ்தாக்கி நன்றாகச் சொல்வான்.

திங்கட்கிழமை வருகைப் பதிவு.
மா நியோ என்றார் சயாமா.
முன்வரிசையில்தான் இருந்தேன்.
வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து
மெல்ல, என் குரலிலேயே,
ஷிபாதே.
சயாமா தலை நிமிராமல் குறித்துக்கொண்டார்.

எங்களுக்காவது இன்னொன்று இருக்கிறது.
மின் சான், மின் சான் என்று
சாப்பிடக் கூப்பிட்டபடி
அவன் அம்மா தெருமுனை வரை வருகிறாள்.
எதிரிலேயே நிற்கிறான்.
யாரைத் தேடுகிறாள் பாவம்
என்று என்னிடம் கேட்கிறான்.

படகுக்கூலி சேர்க்கிறோம்.
இன்னும் மூன்று கியாட் குறைகிறது.
சிலேட்டுதானே,
ஈரத்துணி ஒன்று போதும் என்கிறேன் நான்.
குச்சியால் எழுதினானா
ஆணியால் கீறினானா
என்பதில்தான் இன்னும் சண்டை.